எங்கள் வீட்டில் இல்லாத மணிமாறன்

மணிமாறன் எங்கள் வீட்டில் இரண்டு வருடமும் மூன்று மாதமும் குடியிருந்தார். அந்தக் காலத்தில் அவர் முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்தது பத்துத் தடவைகூட இருக்காது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் இது எனக்கே உறைத்தது. முகத்தைவிட அவருடைய செருப்புதான் நன்றாக நினைவில் இருக்கிறது. இரண்டும் ஒட்டி, முனை வாசலைப் பார்த்தபடி, எந்த நிமிடமும் புறப்படத் தயாராக இருப்பதுபோலக் கிடக்கும்.

ஷார்ஜாவில் அல் நஹ்தா பகுதியில், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் எங்கள் வீடு. அப்பா அனந்தகிருஷ்ணன் ஜெபல் அலியில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு இன்ஜினீயர். அம்மா வசந்தகுமாரி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். நான் ஒரே மகள். சமையலறையை ஒட்டி, பணிப்பெண்ணுக்கென்று கட்டிய ஜன்னல் இல்லாத சின்ன அறை ஒன்று உண்டு. அதைத்தான் மணிமாறனுக்கு விட்டிருந்தோம். வாடகை ஒப்பந்தப்படி அந்த வீட்டில் எங்கள் குடும்பம் மட்டுமே இருக்கலாம். வெளியாளை, அதிலும் தனியாக இருக்கும் ஆணை, வைக்கக் கூடாது. ஆனாலும் எங்களுக்குத் தெரிந்த பல வீடுகளில் இப்படி ஓர் அறை இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

அவர் வந்த அன்றே அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார்.

"யாரு கேட்டாலும் வீட்டுல மூணு பேரு. நாத்தூர் கேட்டாலும் சரி, எதிர் வீட்டு நஸீஹா ஆன்ட்டி கேட்டாலும் சரி. மூணு பேரு."

"அவரு உள்ள இருக்கும்போது கேட்டா?"

"அப்பவும் மூணு பேருதான்டீ."

நாத்தூர் என்பது இங்கே கட்டடக் காவலாளிக்குப் பெயர். எங்கள் நாத்தூருக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவரும் மூன்று பேர் என்றுதான் சொல்வார்.

மணிமாறனுக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். ஜெபல் அலியில் ஏதோ ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். நிரந்தரமாக இரவு டூட்டி. கம்பெனி கேம்ப்பில் இலவசமாகவே தங்கியிருக்கலாம். ஆனால் ஆறு பேர் அறையில் ஐந்து பேர் வெவ்வேறு ஷிப்ட்டில் மாறி மாறி வந்து போக, அவரால் பகலில் தூங்க முடியவில்லை. தூக்கமில்லாமல் ஒரு தடவை ஃபோர்க்லிஃப்ட்டை அடுக்கில் மோதிவிட்டாராம். அதனால் பகல் நேர அமைதிக்காகவே சொந்தக் காசில் எங்கள் அறைக்கு வந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு வேன் வந்து கூட்டிப்போகும். காலை ஏழரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். அவர் தூங்கும் நேரத்தில் நான் பள்ளியில் இருப்பேன். நான் தூங்கும் நேரத்தில் அவர் கிடங்கில் இருப்பார்.

வீட்டில் அவர் இருந்ததற்கு அடையாளங்கள் மட்டும் கிடைக்கும். குளியலறைத் தரையில் ஒரு பாதத்தின் ஈரம். கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர். கிராம்பு வாசனை. இரவில் கண் சொக்காமல் இருக்க அவர் வாயில் கிராம்பு அடக்கிக்கொள்வார். அவர் வேலைக்குப் போன பிறகும் நடையில் அந்த வாசனை நின்றுகொண்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சில நாள் ஒரே ஒரு இருமல் கேட்கும். அதை அடக்கிக்கொள்ள அவர் பாடுபடுவதும் கேட்கும். அவ்வளவுதான்.

போன வருடம் மே மாதம் அரசு அதிகாரிகள் எங்கள் கட்டடத்துக்குச் சோதனைக்கு வந்தார்கள். கீழ் வீட்டிலிருந்து அம்மாவுக்குச் செய்தி வந்தபோது மணி பதினொன்று. அம்மா அவர் கதவை இரண்டு தட்டு தட்டினார். எனக்கு அன்று பரீட்சை விடுமுறை. நான் கூடத்தில் நின்று பார்த்தேன். நான்கு நிமிடத்தில் அந்த அறை இல்லாமல் போனது. மடக்குக் கட்டில் சுவரோடு சாய்ந்தது. துணிகளெல்லாம் எங்களுடைய பழைய சூட்கேஸுக்குள் போய், சூட்கேஸ் என் கட்டிலுக்கு அடியில் போனது. அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் அறையின் நடுவுக்கு வந்தன. மணிமாறன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படிக்கட்டுக்குப் போனார். கீழே இல்லை, மேலே.

அதிகாரிகள் வந்தார்கள், சாமான் அறையைப் பார்த்தார்கள், போனார்கள். அம்மா நிம்மதியில் ஒரு காபி போட்டுக் குடித்து, சமைத்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்துவிட்டார். இரண்டு மணிக்குத்தான் திடுக்கிட்டு எழுந்தார்.

"ஐயோ, அவரைக் கூப்பிடவே இல்லையே!"

ஏழாவது மாடிக்கும் மேலே, பூட்டிய மொட்டைமாடிக் கதவுக்கு முன்னால் இருக்கும் திட்டில் அவர் உட்கார்ந்திருந்தாராம். மூன்று மணி நேரம், மே மாத வெயிலில் வேகும் சுவருக்குப் பக்கத்தில். "நீங்க கூப்பிடுவீகன்னு இருந்தேன்க்கா" என்று மட்டும் சொன்னாராம். அம்மா அதை அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்தபோது சிரிப்பு இல்லை.

அதற்குப் பிறகு அவர் கட்டிலை விரித்துப் போட்டதே இல்லை என்று நினைக்கிறேன். எப்போது அந்தக் கதவு திறந்திருந்தாலும் அது சாமான் அறையாகவே இருந்தது. அவர் எங்கே படுத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

இனி காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் போவார். ஐந்தே முக்காலுக்கு பஸ். கார் சாயங்காலத்துக்கும் வெள்ளிக்கிழமைக்கும்தான். கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தினால் காலை எட்டு மணியிலிருந்து கட்டணம். கொஞ்ச தூரம் தள்ளி மண் பார்க்கிங் உண்டு, அங்கே இலவசம். ஆனால் இரவில் அங்கே இடம் கிடைக்காது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை எடுத்த பிறகுதான் காலியாகும். அதனால் எட்டு மணிக்கு முன்னால் யாராவது காரை அங்கே கொண்டுபோய் விட வேண்டும். அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. மணிமாறன் தானாகவே கேட்டாராம்.

"சார், நான் வேணா மாத்தி விடட்டுமா? எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு."

உண்மையிலேயே இருந்தது. ஆறு தடவை தேர்வில் தோற்று, ஏழாவது தடவை வாங்கியது. கிடங்கில் வேன் டிரைவர் வேலை காலியாகும்போது கேட்க வேண்டும் என்பதற்காக வாங்கினார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். ஆனால் ஓட்ட அவருக்கு வண்டி ஏது? ஒரு நாளைக்கு எங்கள் காரில் முந்நூறு மீட்டர்தான். அதுதான் அவர் ஓட்டிய மொத்த தூரமும்.

சாவிக்கு வாசலில் இரண்டு ஆணி அடித்தார் அம்மா. இடது ஆணியில் மாட்டினால் கார் பள்ளிவாசல் பக்க மண் பார்க்கிங்கில் இருக்கிறது. வலது ஆணியில் மாட்டினால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். துண்டுச் சீட்டு எழுதி வைக்க வேண்டாம், போனில் செய்தி அனுப்ப வேண்டாம். எல்லாம் அம்மாவின் ஏற்பாடு. அம்மாவின் போனில் மணிமாறனின் எண் 'ஏசி மெக்கானிக்' என்று இருந்தது.

ஆரம்பத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அப்பா காரில் ஏறியதும் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. அப்பா ஆறடி. மணிமாறன் என் உயரம்கூட இல்லை.

"சீட்டை முன்னாடி இழுத்தா இழுத்தபடியே விட்டுட்டுப் போறதா? கண்ணாடியும் ஏதோ ஒரு பக்கம் பாக்குது. பேய் ஓட்டுன வண்டி மாதிரி இருக்கு" என்று அப்பா கத்தினார். வீட்டுக்கு வந்தும் கத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு சீட் ஒரு நாளும் நகர்ந்திருக்கவில்லை. கண்ணாடியும் அப்படியே. "எப்படித்தான் செய்றாரோ, அச்சு அசலா நான் வெச்ச மாதிரியே இருக்கு" என்று அப்பா பாராட்டிக்கூடச் சொன்னார். அவர் எப்படிச் செய்தார் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

டிசம்பர் கடைசியில் கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஏஜென்ட் கௌஸ் முகைதீன், காயல்பட்டினத்துக்காரர், அப்பாவின் பழைய பழக்கம். "சார், இந்தத் தடவ கம்பெனில இருந்தே ஒரு பொண்ணு போன் பண்ணும். நாலு கேள்வி கேக்கும். ரெக்கார்டு ஆவும். உள்ளத உள்ளபடி சொல்லிருங்க" என்று சொல்லியிருந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பெண் கூப்பிட்டாள். அப்பா போனைக் கூடத்து மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். முகவரி, வண்டி எண், வேலை எல்லாம் கேட்டுவிட்டு, உங்களைத் தவிர இந்த வண்டியை வேறு யாராவது ஓட்டுகிறார்களா என்று கேட்டாள்.

"நோ. ஒன்லி மீ."

வீட்டில் லைசென்ஸ் உள்ளவர்கள் வேறு யாராவது?

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா இல்லை என்று தலையாட்டினார்.

"நோ. நோபடி எல்ஸ்."

நான் அப்போது டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து மூன்று வகுப்பு முடித்திருந்தேன். லைசென்ஸ் இல்லை, அதனால் நான் கணக்கில் வர மாட்டேன் என்று புரிந்தது. ஆனால் மணிமாறன்? போன் வைத்ததும் கேட்டேன்.

"அப்பா, அவரு தினமும் ஓட்டுறாரே."

"அது ஓட்டுறதா? இடம் மாத்தி விடுறது. நாத்தூர் சைக்கிளை நகத்தி வெக்கிற மாதிரி."

அப்பா பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நினைத்தார். எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்கு இப்படி வண்டியை மாற்றி விடும் ஆள் ஒருவர் உண்டு. யாரும் அதை ஓட்டுவது என்று சொல்வதில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை. பனிமூட்டம். அதனால் எனக்குப் பள்ளி விடுமுறை. இங்கே குளிர்காலத்தில் சில காலைகளில் வெளியே ஒன்றுமே இருக்காது. அன்று பால்கனியில் நின்றால் கம்பிக்கு அப்பால் வெள்ளைச் சுவர். எதிர்க் கட்டடம் போய்விட்டது. பள்ளிவாசல் இல்லை. கீழே தெருவில் வண்டிகளின் ஓசை மட்டும் வந்தது, வண்டிகள் வரவில்லை. ஏசி பெட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

ஏழே முக்கால் இருக்கும். ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. ஒரு தகர டப்பாவை யாரோ மெதுவாக மிதித்ததுபோல. அதன் பிறகு யாரோ ஏதோ சொன்னதுபோல இருந்தது. பிறகு அதுவும் இல்லை. வெள்ளைக்குள் நீலமும் சிவப்புமாக ஒரு வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்தது.

எட்டரைக்குக் கதவு தட்டப்பட்டது. இரண்டு போலீஸ்காரர்கள். இளையவர் இந்தி பேசினார். பக்கத்து கஃப்தீரியா டீக்கடையிலிருந்து சைக்கிளில் டீ கொண்டுபோன ஹபீப் முகம்மது என்பவரை எங்கள் கார் இடித்துவிட்டது. தோள் எலும்பு உடைந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கார் சந்துக்கு நடுவில் நிற்கிறது. பூட்டியிருக்கிறது. உள்ளே யாரும் இல்லை. யார் ஓட்டியது?

அம்மா வாசலில் இருந்த ஆணிகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு ஆணிகளும் காலி.

"ஹஸ்பண்ட் டூட்டி" என்றார் அம்மா. "ஜெபல் அலி."

"வீட்டில் எத்தனை பேர்?"

"தீன்" என்றார் அம்மா. மூன்று. யோசித்துச் சொல்லவில்லை. இரண்டு வருடமாகப் பழகிய வாய், அதுவாகச் சொன்னது.

இளைய போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். உனக்கு லைசென்ஸ் உண்டா என்று கேட்டார். கற்றுக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் தன் சகாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு எதையோ எழுதினார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சாமான் அறையையும் பார்த்தார்கள். அரிசி மூட்டை, மின்விசிறி. போகும்போது, சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பாவும் நானும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும், கார் சாவியோடு வர வேண்டும் என்று சொன்னார்.

கதவு மூடியதும்தான் எனக்குப் புரிந்தது. வீட்டில் மூன்று பேர். அப்பா வேலையில் இருந்தார், கைரேகைப் பதிவு இருக்கிறது. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. மிஞ்சியது நான். லைசென்ஸ் இல்லாமல் வண்டியை எடுத்து, ஒரு மனிதரை இடித்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டவள்.

அம்மா 'ஏசி மெக்கானிக்'கைக் கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பத்து தடவை கூப்பிட்டார். பத்து தடவையும் அதே அரபிக் குரல்.

ஒரு மணிக்கு அப்பா டாக்ஸியில் வந்தார். கூடவே கௌஸ் முகைதீன் வந்தார். வெளியே பனி கலைந்து வெயில் அடித்தது. ஆனால் அம்மா எல்லாத் திரையையும் இழுத்து மூடியிருந்தார்.

"சார், மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன்" என்றார் கௌஸ் முகைதீன், செருப்பைக் கழற்றியபடியே. "அடிபட்டவருக்கு நம்ம பாலிசில இருந்து கிடைச்சிரும். அத கம்பெனி தட்ட முடியாது. ஆனா அப்புறம் கம்பெனி திரும்பி உங்ககிட்ட வரும். நீங்க சொல்லாத ஆள் ஓட்டினா அந்தப் பணத்த உங்க தலைல கட்டும். லைசென்ஸே இல்லாத புள்ள ஓட்டிருந்தா அது பணத்தோட போவாது. புள்ள மேல கேஸ். அதனால கேக்குறேன். யாரு ஓட்டுனா?"

"மணிமாறன்" என்றார் அப்பா.

"அது யாரு சார்?"

அப்பா சொன்னார். கௌஸ் முகைதீன் எழுந்துபோய் அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இங்கயா ஆள் இருந்தாரு?"

"ரெண்டு வருஷமா."

"பாஸ்போர்ட் காப்பி? விசா காப்பி? வாடகை ரசீது?"

ஒன்றும் இல்லை. எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் ஏற்பாடு. என் கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுத்துத் திறந்து காட்டினேன். இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு சீப்பு.

"இது சாரோட சட்டைன்னு போலீஸ் சொல்லும்" என்ற கௌஸ் முகைதீன் அடுத்துக் கேட்டார்:

"எந்தக் கம்பெனில வேலை?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். ஜெபல் அலியில் ஒரு கிடங்கு. அதற்கு மேல் எங்களுக்குத் தெரியவில்லை.

"போன் நம்பராவது இருக்கா?"

அம்மா போனை நீட்டினார். கௌஸ் முகைதீன் திரையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏசி மெக்கானிக் வந்து ஒங்க கார ஓட்டினாருன்னு சொல்லப்போறீங்களா? ஏன் சார், நானே நம்ப மாட்டேன்றேன். லிஃப்ட் கேமரால இருப்பாருல்ல?"

"லிஃப்ட்ல ஏறவே மாட்டாரு. படிலதான் போவாரு" என்றார் அம்மா, மிகவும் மெதுவாக.

வரும் வழியில் கௌஸ் முகைதீன் ஆஸ்பத்திரிக்குப் போய் ஹபீப் முகம்மதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"அந்த மனுசன் என்ன சொல்றாரு தெரியுமா? வண்டிக்குள்ள ஆளே இல்லையாம். பனிக்குள்ள இருந்து வெள்ளையா வண்டி மட்டும் வந்துச்சாம். ஸ்டியரிங்குக்குப் பின்னால தலையே தெரியலையாம். விழுந்த பொறவு யாரோ அக்குள்ல கை குடுத்துத் தூக்கி ஓரமா வச்சாங்களாம். முகம் தெரியலையாம். போலீஸ் அத மயக்கத்துல ஒளர்றாருன்னு எழுதிருச்சு."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. மணிமாறன் என்று ஒருவர் இருந்தாரா? அவர் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. மீசை வைத்திருந்தாரா என்று அம்மாவிடம் கேட்டேன். "இருந்துச்சு" என்றார். அப்பா அதே நேரத்தில் "இல்லை" என்றார்.

"சரி சார், கம்பெனில இருந்து அன்னிக்கி பேசின ரெக்கார்ட அனுப்பியிருக்காங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு நீங்களே கேளுங்க. ஸ்டேஷன்ல மாத்திச் சொல்லக் கூடாது பாருங்க."

போனை மேசையில் வைத்தார். அதே இடம். அதே மேசை. அப்பாவின் குரல் தெளிவாக வந்தது. நோ. ஒன்லி மீ. அந்தப் பெண் அடுத்த கேள்வி கேட்டாள். கொஞ்சம் அமைதி. நோ. நோபடி எல்ஸ்.

உடனே, அந்தச் சொல்லின் வால் முடியும் முன்பே, ஓர் இருமல். ஒரே ஒரு இருமல். தொலைவிலிருந்து, சுவருக்குள்ளிருந்து. அதை அடக்கிக்கொள்ளும் மூச்சு.

அம்மா வாயில் கை வைத்தார். கௌஸ் முகைதீன் ஒலியை நிறுத்திவிட்டு, திரும்ப ஓட்டி, மறுபடியும் கேட்டார். நோபடி எல்ஸ். இருமல்.

"சார் பேசிட்டிருக்கீங்க. அக்கா ஒங்க பக்கத்துல. பாப்பா?"

"நானும் இங்கதான் நின்னேன்."

"அப்ப இது யாரு?"

கௌஸ் முகைதீன் அந்தச் சின்ன அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "யா அல்லா" என்றார். "இருந்திருக்காரு."

"ஓடிப்போயிட்டாரே" என்றார் அப்பா. "இப்ப என்ன பண்ண? அவரு வராம நாம என்ன சொன்னாலும் என் பொண்ணு பேருலதானே நிக்கும்."

மணி மூன்று. ஐந்துக்கு ஸ்டேஷன். அந்த இருமல் என் காதை விட்டுப் போகவில்லை. அடக்கிக்கொள்ளும் மூச்சு. இரண்டு வருடமாக நாங்கள் அவருக்குப் பழக்கியது அது ஒன்றைத்தான். யாராவது வந்தால் இல்லாமல் போவது. கதவில் இரண்டு தட்டு, போனை அணைப்பது, செருப்பைக் கையில் எடுப்பது. இன்று காலையில் பனிக்குள் நீல வெளிச்சம் சுற்றியபோது அவர் என்ன செய்திருப்பார்?

அவர் ஓடியிருக்க மாட்டார். ஓடுவது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை.

நான் கதவைத் திறந்து படியில் ஏறினேன். அம்மா பின்னாலிருந்து "எங்கடீ போற?" என்றார். ஐந்தாவது மாடியில் யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை. ஆறாவது மாடியில் ஒன்றுமில்லை. ஏழாவது மாடித் திருப்பத்தில் கிராம்பு வாசனை அடித்தது. அங்கேயே நின்றேன். இதற்கு மேல் ஏறினால் அங்கே யாரும் இல்லாமல் வாசனை மட்டும் இருக்குமோ என்று பயந்தேன். பிறகு ஏறினேன்.

முதலில் தெரிந்தது செருப்பு. இரண்டும் ஒட்டி, முனை படியைப் பார்த்தபடி. அதன் பின்னால் பூட்டிய கதவில் சாய்ந்து மணிமாறன் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பாதுகாப்பு ஜாக்கெட்டை மடித்து மடியில் வைத்திருந்தார். அதன் மேல் அணைத்த போன். வலது கையில் எங்கள் கார் சாவி. விரல்கள் அதை விடாமல் பிடித்து வெளுத்துப்போயிருந்தன. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவர் தூங்கவில்லை. ஏழு மணி நேரமாக அங்கே இருந்திருக்கிறார்.

மீசை இருந்தது.

"போயிட்டாகளா பாப்பா?" என்று கிசுகிசுத்தார்.

தலையை ஆட்டினேன்.

"அந்த அண்ணன் எந்திரிச்சுட்டாரா?"

"தோள் எலும்பு உடைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரில இருக்காரு. உயிருக்கு ஒண்ணும் இல்ல."

அவர் கண்ணை மூடினார். பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தார், அதே கிசுகிசுப்பில். "பிரேக்கு எட்டல பாப்பா. சார் சீட்ட நகத்தக் கூடாதுன்னாகள்ல. அன்னையிலருந்து நான் நகத்துறதே இல்ல. நுனியில உக்காந்து கட்டை விரல்ல ஊனித்தான் மாத்தி விடுவேன். முந்நூறு மீட்டர்தானே. இன்னைக்குப் பனிக்குள்ள அந்த அண்ணன் திடீர்னு வந்தாக. எட்டி மிதிச்சேன், எட்டல. இறங்கித் தூக்கி வச்சேன். கஃப்தீரியாவுல கத்திச் சொன்னேன். அதுக்குள்ள போலீஸ் லைட்டு வந்துருச்சு. போலீஸ் வந்தா நான் இருக்கக் கூடாதுல்ல. பூட்டிட்டு வந்துட்டேன். அக்கா கூப்பிடட்டும்னு இருந்தேன்."

அப்பா ஒரு நாளும் சீட்டை நகர்த்தக் கூடாது என்று சொல்லவில்லை. திரும்ப வைக்கவில்லை என்றுதான் கத்தினார். சுவர் வழியாகக் கேட்டவருக்கு அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. அல்லது, அடையாளமே இல்லாமல் இருப்பதுதான் எங்களுக்குப் பிடிக்கும் என்று அவர் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்.

"நான் ஓட்டினேன்னு எழுதியிருக்காங்க" என்றேன்.

"யாரு, பாப்பாவா?"

"வீட்டுல மூணு பேருதானே. வேற யாரு இருக்கா?"

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அங்கேதான் பிளாஸ்டிக் உறை போட்ட லைசென்ஸ் இருந்தது. அது போய்விடும் என்று அவருக்குத் தெரியும். வேன் டிரைவர் வேலையும் போய்விடும். ஒருவேளை ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். அவர் அப்படியே படி இறங்கி வெளியே போயிருந்தால் எங்களால் தேடிக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. எங்களுக்கு அவர் கம்பெனி பெயர்கூடத் தெரியாதே.

"அப்ப நான் இருந்தாகணும்ல" என்றார். எழுந்தார். கால் மரத்துப்போயிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டார். செருப்பைக் கையில் எடுக்கக் குனிந்தவர், ஒரு கணம் நின்று, காலில் போட்டுக்கொண்டார்.

ஏழாவது மாடியில் நான் லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன். "படியிலயே வாரேனே" என்றார். "வேண்டாம், இதுலயே போவோம்" என்றேன். கதவு திறந்தது. லிஃப்ட்டுக்குள் மேல் மூலையில் கேமரா. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் அதன் கீழே நின்றார். மேலே நிமிர்ந்து அதன் கண்ணையே பார்த்தார். சின்ன வயதில் போட்டோ எடுத்துக்கொள்ள நிற்கிறவர்கள் மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வீட்டுக்குள் அம்மா அவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார். சாப்பாடு போட்டு, கூடத்து மேசையில் வைத்தார். அவர் அந்த மேசையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். அப்பாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மணி, நான் அந்த போன்ல..."

"கேட்டுச்சு சார்" என்றார் மணிமாறன். "நான்தான் இருமிட்டேன். மன்னிச்சிருங்க."

ஐந்து மணிக்கு நான்கு பேரும் போனோம். அதே இளைய போலீஸ்காரர்தான் இருந்தார். மணிமாறன் சாவியையும் லைசென்ஸையும் மேசையில் வைத்து, நான்தான் ஓட்டினேன் என்று இந்தியில் சொன்னார். போலீஸ்காரர் அவர் பெயரை எழுதிக்கொண்டு, எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டார். மணிமாறன் வாயைத் திறக்கவில்லை. பழக்கம். அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா எங்கள் கட்டடத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் சொன்னார். போலீஸ்காரர் பேனாவை நிறுத்தினார். காலையில் மூன்று பேர் என்றீர்களே என்றார்.

"நான்கு பேர்" என்றார் அப்பா. "இரண்டு வருடமாக."

அன்றிலிருந்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயரை எடுத்துவிட்டார்கள். ஹபீப் முகம்மதுக்கு இன்சூரன்ஸிலிருந்து இழப்பீடு கிடைத்தது. பிறகு, கௌஸ் முகைதீன் சொன்னபடியே, அதைத் திருப்பிக் கேட்டு அப்பாவுக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். நாங்கள் அஜ்மானில் சின்ன வீட்டுக்குப் போனோம். மணிமாறன் விபத்து நடந்த இடத்தை விட்டுப் போனதற்கு அபராதம் கட்டினார், லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தினார்கள். வேலை மட்டும் போகவில்லை. திரும்ப கேம்ப்புக்கே போய்விட்டார். ஜெபல் அலி, ஆறு பேர் அறை. அம்மாவின் போனில் அவர் எண் இப்போது 'மணிமாறன்' என்றே இருக்கிறது. அவருடைய கம்பெனி பெயர், மனைவி ஜோதிமணி, மகனுக்கு ஏழு வயது என்பதெல்லாம் இப்போது எங்களுக்குத் தெரியும். பகலில் தூக்கம் வருகிறதா என்று அம்மா கேட்டால், "பழகிரும்க்கா" என்கிறார்.

எனக்குப் போன மாதம் லைசென்ஸ் கிடைத்தது. அப்பா மறுநாளே கௌஸ் முகைதீனைக் கூப்பிட்டு என் பெயரைச் சேர்த்துவிட்டார். வேறு யாராவது ஓட்டுகிறார்களா என்று மறுபடியும் அந்தக் கேள்வி வந்தது. அப்பா பேச்சை நிறுத்தி, சுவர்ப் பக்கம் காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகுதான் இல்லை என்றார். புது வீட்டில் அந்தச் சுவருக்குப் பின்னால் அறை எதுவும் இல்லை.

நான் ஓட்டும்போது சீட்டை முன்னால் இழுத்துக்கொள்கிறேன். இறங்கும்போது அப்படியே விட்டுவிட்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை அப்பா ஏறினால் முழங்கால் இடிக்கிறது. அவர் ஒன்றும் சொல்வதில்லை. கீழே கை விட்டு, கம்பியைத் தேடிப் பிடித்து, சீட்டைத் தானே பின்னால் தள்ளிக்கொள்கிறார்.